காணாப் பொருளை நிறுக்கும் கணக்கு

முன்னுரை

எடுத்தல், முகத்தல், நீட்டல், எண்ணல் என அளவைகளை நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். பொன்னையும் புளியையும் தராசில் எடுத்தனர். நெல்லை மரக்காலால் முகந்தனர். நிலத்தைக் கோலால் நீட்டி அளந்தனர். ஆட்டு மந்தையை எண்ணினர். இந்நான்கினுள் எடுத்தலளவைக்கு ஒரு வரம்பு உண்டு. கைக்கு எட்டும் பொருளையே தராசுத் தட்டில் வைக்க இயலும். கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் புலனாகாது, தன்னிடமிருந்து ஒளியையும் வெளியே விடாத ஒரு பொருளை நிறுப்பது எங்ஙனம்? பல கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களின் நடுவே உறையும் பெருநிறைக் கருந்துளைகளின் நிறையை இன்றைய வானியலார் கணித்துக் கூறுகின்றனர். அக்கணிப்பு வெறும் ஊகமா, அன்றிச் சான்றுடைய அளவையா என்பதை மாணவர்க்கு விளங்கும் வகையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருந்துளையும் சந்திரசேகரும்

ஒரு பொருளின் நிறை மிகச் சிறிய இடத்திற்குள் அடங்கிவிடுமாயின், அதன் ஈர்ப்பு அளவிறந்து பெருகி, ஒளியையும் தப்பவிடாத நிலை உண்டாகும். அதுவே கருந்துளை. இக்கருத்து வளர்ந்த வரலாற்றில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அறிஞர் ஒருவர்க்குப் பெரும் பங்குண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் அகவையில், மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அக்கடற்பயணத்தின்போதே அவர் ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய வெண்குறு விண்மீன், சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையைத் தாங்காது என்பதே அக்கணக்கின் முடிவு. அவ்வெல்லையைக் கடந்த விண்மீன் யாதாகும் என்னும் வினா கருந்துளையை நோக்கியே இட்டுச் சென்றது.

1935-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில், அந்நாளைய பேரறிஞர் ஆர்தர் எடிங்டன் இம்முடிவை வெளிப்படையாக மறுத்துரைத்தார். இளைஞரான சந்திரசேகர் மனந்தளராது தம் பணியைத் தொடர்ந்தார். 1983-இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. எடிங்டனே வகுத்த மற்றொரு விதி, பின்னாளில் கருந்துளையின் நிறையை மதிப்பிடும் முதற் கருவியாயிற்று என்பது இங்கு எண்ணி மகிழத்தக்கது. அதனைக் கீழே காண்போம்.

செயலூக்க விண்மீன் மண்டலங்கள்

கி.பி. 964-ஆம் ஆண்டளவில் பாரசீக வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் 'சிறு மேகம்' ஒன்றைக் குறித்து வைத்தார். அது மேகமன்று, 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஆந்திரோமீடா விண்மீன் மண்டலம் என்பதை இருபதாம் நூற்றாண்டு தெளிவித்தது. அதன் நடுவே 10 கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை உள்ளது. எனினும் அது இன்று உறங்கும் கருந்துளையே. அதன்பால் சென்று விழும் பொருள் மிகக் குறைவு.

எல்லா மண்டலங்களும் இவ்வாறு அமைதியாக இருப்பதில்லை. சிலவற்றின் மையப்புள்ளி மட்டும் அளவுக்கு மீறி ஒளிர்வதையும், அதன் நிறமாலையில் கோடுகள் மிக அகன்று காணப்படுவதையும் 1943-இல் கார்ல் சீஃபர்ட் விளக்கினார். 1963-இல் மார்ட்டின் ஷ்மிட், 3சி 273 என்னும் விண்மீன் போன்ற புள்ளி உண்மையில் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள பேரொளி மையம் என நிறுவினார். இத்தகையவையே குவாசர்கள் எனப்பட்டன.

இவ்வொளிக்குக் காரணம் யாது? கருந்துளையை நோக்கி ஈர்க்கப்படும் வளிமம் நேரே உள்ளே விழுவதில்லை. ஆற்றுச் சுழியில் அகப்பட்ட சருகுபோலச் சுற்றிச் சுற்றி, ஒரு வட்டாக அமைந்து, உராய்வால் கொதித்து ஒளிர்கிறது. சூரியனில் நீரியம் ஈலியமாக மாறும்போது நிறையில் 0.7 விழுக்காடே ஆற்றலாகிறது. கருந்துளையைச் சுற்றிய வட்டிலோ ஏறத்தாழ 10 விழுக்காடு ஆற்றலாகக்கூடும். எனவே கருந்துளை இருளாயினும் அதன் வாயில் பேரொளி உடையது.

எடிங்டன் விதி இங்குப் பயன்படுகிறது. ஒளிக்கும் தள்ளும் ஆற்றல் உண்டு. ஒரு மையம் அளவுக்கு மீறி ஒளிர்ந்தால், தன்பால் வரும் வளிமத்தைத் தன் ஒளியாலேயே தள்ளிவிடும். சூரிய நிறை ஒன்றுக்கு ஏறத்தாழ 33,000 சூரியன்களின் ஒளியே அவ்வெல்லை. ஒரு மையம் 1 இலட்சம் கோடிச் சூரியன்களின் ஒளியை நிலையாக உமிழுமாயின், அதன் நிறை குறைந்தது 3 கோடிச் சூரிய நிறையாதல் வேண்டும். ஆயினும் இது கீழெல்லையே அன்றி அளவை ஆகாது.

நிறையறியும் அடிப்படை

சூரியனை எவரும் தராசில் வைத்ததில்லை. எனினும் அதன் நிறையை அறிவோம். புவி சூரியனிடமிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு விரைவில் சுற்றுகிறது என்பதைக்கொண்டே அறிகிறோம். மையத்தின் ஈர்ப்பு மிகுந்தால் சுற்றுவோன் விரைவும் மிக வேண்டும். இல்லையேல் உள்ளே விழுந்துவிடுவான். நியூட்டன் வகுத்த இவ்விதியைச் சுருங்கச் சொன்னால், மையத்தின் நிறையானது சுற்றும் பொருளின் தொலைவையும், விரைவின் இருமடியையும் பெருக்கிய அளவுக்கு நேர்விகிதத்தில் அமையும். தொலைவும் விரைவும் தெரிந்தால் நிறை தெரியும்.

நம் பால்வெளி மண்டலத்தின் நடுவே இம்முறை நேரடியாகவே கையாளப்பட்டது. ஒரு விண்மீன் அம்மையத்தை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருவதைத் தொடர்ந்து கண்டு, அங்குள்ள கருந்துளையின் நிறை 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட சூரிய நிறை என நிறுவினர். இதற்காக ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகிய இருவரும் 2020-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

செயலூக்க மண்டலங்களில் இவ்வழி எளிதன்று. என்.ஜி.சி. 5548 என்னும் மண்டலம் ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் கருந்துளையைச் சுற்றியோடும் வளிமப் பகுதியைப் பிரித்துக் காண்பது, 1 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைக் காண்பதற்கு ஒப்பாகும். விரைவை அறிவதில் இடரில்லை. நம்மை நோக்கி வரும் வளிமத்தின் ஒளி நீலப்பக்கமும், விலகும் வளிமத்தின் ஒளி சிவப்புப்பக்கமும் நகர்வதால் நிறமாலைக் கோடு அகல்கிறது. அவ்வகலமே விரைவைச் சொல்லிவிடும். தொலைவை அறிவதே இடர்.

எதிரொலி முறை

மின்னல் கண்ட பின் இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி, மழை எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணிப்பது நம் உழவர் அறிந்ததே. நார்த்தாமலை போன்ற பாறைக் குன்றுகள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல உள்ளன. ஒரு பெரும்பாறைக்கு எதிரே நின்று கை தட்டி, எதிரொலி 1 நொடியில் திரும்பக் கேட்டால், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்பதைக்கொண்டு, பாறை 170 மீட்டர் தொலைவில் உள்ளது எனலாம். கோலால் அளக்க இயலாத தொலைவைக் காலத்தால் அளந்துவிட்டோம்.

இதே நெறியைக் கருந்துளைக்குப் பயன்படுத்தும் வகையை 1982-இல் பிளாண்ட்ஃபோர்டு, மெக்கீ என்னும் இருவர் கணித முறையில் வகுத்தனர். கருந்துளையின் அருகிலுள்ள வட்டின் ஒளி ஒரே சீராக இராது. கூடியும் குறைந்தும் வரும். அவ்வொளி, அகன்ற கோடுகளை உமிழும் வளிமத்தைச் சென்று சேர்ந்ததும் அவ்வளிமமும் ஒளி கூடும். வட்டின் ஒளி நம்மிடம் நேரே வருகிறது. வளிமத்தின் ஒளியோ, இடையிலுள்ள தொலைவைக் கடந்த பின்னரே வருகிறது. இரண்டிற்கும் உள்ள காலத் தாழ்வை அறிந்தால், ஒளியின் விரைவைக்கொண்டு வளிமத்தின் தொலைவை அறியலாம். ஒலிக்கு மாற்றாக இங்கு ஒளி எதிரொலிக்கிறது.

1988 இறுதி முதல் 1989 வரை, பல நாட்டு வானியலார் ஒன்றுகூடி என்.ஜி.சி. 5548 மண்டலத்தைக் கண்காணித்தனர். செயற்கைக்கோள் ஒன்று 4 நாள்களுக்கு ஒருமுறை புறஊதா ஒளியை அளந்தது. தரையிலிருந்த தொலைநோக்கிகள் நீரியக் கோட்டை அளந்தன. மைய ஒளி கூடியதற்கு ஏறத்தாழ 20 நாள் கழித்து நீரியக் கோடு ஒளி கூடியது. எனவே அவ்வளிமம் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 ஒளிநாள் தொலைவில் உள்ளது.

ஒரு கணக்கு

மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க எளிய கணக்கொன்றை இங்குத் தருவோம். புவி சூரியனிலிருந்து 8⅓ ஒளிநிமிடத் தொலைவில், நொடிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் சுற்றுகிறது. இதன் விடை 1 சூரிய நிறை. இனி, 20 ஒளிநாள் தொலைவில் வளிமம் நொடிக்கு 4,000 கிலோமீட்டர் விரைவில் சுற்றுவதாகக் கொள்வோம்.

20 நாள் என்பது 28,800 நிமிடம். அதனை 8⅓ ஆல் வகுக்க 3,456 கிடைக்கும். ஆகவே தொலைவு 3,456 மடங்கு. 4,000-ஐ 30 ஆல் வகுக்க 133⅓ கிடைக்கும். அதன் இருமடி ஏறத்தாழ 17,778. இவ்விரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 6 கோடியே 14 இலட்சம் வரும். அத்தனை சூரிய நிறை அம்மையத்தில் அடங்கியுள்ளது என்பதே இதன் பொருள். சூரிய நிறை ஒன்றுக்குக் கருந்துளையின் ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆதலின், இக்கருந்துளையின் ஆரம் 18 கோடி கிலோமீட்டர் ஆகும். அதாவது, ஆறு கோடிச் சூரியன்களின் நிறை, புவி சூரியனைச் சுற்றும் பாதையினும் சற்றே பெரிய இடத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது.

ஐயமும் தெளிவும்

இக்கணக்கின்மேல் இரண்டு ஐயங்கள் எழுதல் இயல்பு. முதலாவது, வளிமம் உண்மையில் ஈர்ப்பினால்தான் சுற்றுகிறதா, அன்றி வெறுமனே வெளியே வீசப்படுகிறதா என்பது. இதற்குச் சான்று அதே மண்டலத்தில் கிடைத்தது. வெவ்வேறு தனிமங்களின் கோடுகள் வெவ்வேறு காலத் தாழ்வு காட்டின. தாழ்வு குறைந்த கோடுகள் மிக அகன்றும், தாழ்வு மிகுந்த கோடுகள் குறுகியும் இருந்தன. தொலைவு 4 மடங்காயின் விரைவு பாதியாக வேண்டும் என்பது கேப்ளரின் நெறி. அந்நெறிக்கு இவை பொருந்தி நின்றன. 1999-இல் பீட்டர்சன், வாண்டல் ஆகியோர் இதனை எடுத்துக்காட்டினர்.

இரண்டாவது ஐயம் வலிமை மிக்கது. வளிமம் தட்டையான வட்டாகச் சுற்றி, அதனை நாம் மேலிருந்து காண்போமாயின், நம்மை நோக்கிய விரைவு குறைவாகவே தெரியும். உண்மை விரைவு அதனினும் மிகுதி. ஆதலின் கணக்கின் விடையை ஒரு திருத்த எண்ணால் பெருக்க வேண்டியுள்ளது. அவ்வெண் மண்டலத்துக்கு மண்டலம் வேறுபடும். ஆகவே பல மண்டலங்களுக்குப் பொதுவான சராசரி எண்ணையே வழங்குகின்றனர். அதனால் ஒரு தனிக் கருந்துளையின் நிறை இரண்டு மூன்று மடங்கு கூடவோ குறையவோ இடமுண்டு. இதனை வானியலார் மறைப்பதில்லை. விடையோடு பிழையின் அளவையும் சேர்த்தே எழுதுகின்றனர்.

வேறொரு வழியில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அண்மையில் வாய்த்தது. சிலி நாட்டில் நான்கு பெருந்தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து, 3சி 273 குவாசரின் வளிமப் பகுதியின் அளவை 2018-இல் நேரடியாகவே கண்டனர். அதன் ஆரம் ஏறத்தாழ 145 ஒளிநாள். கருந்துளையின் நிறை ஏறத்தாழ 26 கோடிச் சூரிய நிறை. பத்தாண்டு அளவில் தொடர்ந்து செய்த எதிரொலி ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. அது காட்டிய தாழ்வு ஏறத்தாழ 147 நாள். ஒன்று நீட்டலால் அறிந்தது. மற்றொன்று எண்ணலால் அறிந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

நம் நாட்டுப் பணி

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வான்நோக்கு நிலையம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டு, 1986-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அதனைக் கனவு கண்டு தொடங்கிய வைனு பாப்பு 1982-இலேயே மறைந்தார். இன்று தொலைநோக்கியும் நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. இந்நிலையத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் இயக்குகிறது. அதற்குச் சந்திரசேகரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அந்த இமாலய சந்திரா தொலைநோக்கியால் 2016 அக்டோபர் முதல் 2017 ஏப்ரல் வரை எச் 0507+164 என்னும் மண்டலத்தைக் கண்காணித்து, அந்நிறுவனத்தைச் சார்ந்த சி.எஸ். ஸ்டாலின் உள்ளிட்ட ஆய்வாளர் குழுவினர் 2018-இல் தம் முடிவை வெளியிட்டனர். கண்ணுறும் ஒளி கூடிய பின் ஏறத்தாழ 35 நாள் கழித்தே அகச்சிவப்பு ஒளி கூடியது. கருந்துளையைச் சூழ்ந்த தூசு வளையத்தின் உள்விளிம்பு ஏறத்தாழ 35 ஒளிநாள் தொலைவில் உள்ளது என்பது இதனால் பெறப்பட்டது. இது நிறையளவை அன்று. எனினும் அதே எதிரொலி முறையால் கருந்துளையின் சுற்றுப்புறத்தை வரைந்து காட்டும் பணியாகும்.

இத்தகைய ஆய்வில் நம் நாட்டின் இருப்பிடமே ஒரு செல்வம். ஒளியின் ஏற்றத்தாழ்வை இடையறாது காண வேண்டும். ஓரிடத்தில் பகலானால் மற்றோரிடத்தில் இரவு வேண்டும். ஓரிடத்தில் மேகம் சூழ்ந்தால் மற்றோரிடத்தில் வானம் தெளிந்திருக்க வேண்டும். கிழக்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடைப்பட்ட இரவுகளை நிரப்புவது நம் நாடு. பருவமழையால் விடுபடும் ஓரிரவு, ஒரு கணக்கையே ஐயத்திற்கு இடமாக்கிவிடக்கூடும்.

தொலைவில் உள்ளவை எழுப்பும் புதிர்

எதிரொலி முறைக்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவை. எல்லாக் குவாசர்களுக்கும் அதனைக் கையாள்வது அரிது. ஆனால் அம்முறையால் ஒரு பொது விதி கிடைத்தது. மைய ஒளி 4 மடங்காயின் வளிமத்தின் தொலைவு ஏறத்தாழ 2 மடங்காகிறது. ஆகவே ஒரே ஓர் இரவில் எடுத்த நிறமாலையைக்கொண்டே, ஒளியிலிருந்து தொலைவையும், கோட்டின் அகலத்திலிருந்து விரைவையும் பெற்று, நிறையை மதிப்பிடலாம். இலட்சக்கணக்கான குவாசர்களின் நிறை இவ்வாறே மதிப்பிடப்பட்டுள்ளது.

இங்கேதான் பெரும் புதிரொன்று எழுகிறது. 2017 இறுதியில் அறிவிக்கப்பட்ட ஒரு குவாசரின் கருந்துளை 80 கோடிச் சூரிய நிறை உடையது. அதன் ஒளி புறப்பட்டபோது அண்டத்தின் அகவை 69 கோடி ஆண்டே. எடிங்டன் எல்லையளவில் உண்டு வளரும் கருந்துளை ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுக்கு ஒருமுறை இருமடங்காகும். 100 சூரிய நிறையில் தொடங்கினால், 80 கோடியை எட்ட 23 முறை இருமடங்காக வேண்டும். அதற்கு 80 கோடி ஆண்டு ஆகும். அண்டத்தின் அகவையோ அதற்குப் போதாது!

நிறைக் கணக்கு பிழையோ என்று கேட்கலாம். மூன்று மடங்கு பிழையாயின் ஏறத்தாழ ஒன்றரை இரட்டிப்பே குறையும். 5 கோடி ஆண்டே மிச்சமாகும். பத்து மடங்கு பிழையாயினும் 69 கோடி ஆண்டு வேண்டியிருக்கும். முதல் விண்மீன் தோன்றி ஒடுங்கும் காலத்திற்கு அதில் இடமில்லை. ஆகவே தொடக்கக் கருந்துளைகள் மிகப் பெரியனவாகத் தோன்றினவா, அன்றி எல்லையை மீறி உண்டனவா என வானியலார் ஆராய்ந்து வருகின்றனர். 2024-இல், 1,100 கோடி ஆண்டுக்கு முற்பட்ட குவாசர் ஒன்றின் கருந்துளை நிறை 32 கோடிச் சூரிய நிறை என நேரடி முறையால் அளந்தனர். அது எடிங்டன் எல்லையை மீறி உண்பதாகவும் தெரியவந்தது. அருகிலுள்ள மண்டலங்களில் செய்த அளவை எத்துணைத் திருத்தமானதோ, அத்துணையே அண்டத்தின் தொடக்கம் பற்றிய நம் அறிவும் திருத்தமுடையதாகும். படிக்கல் பிழையாயின் கடையிலுள்ள சரக்கெல்லாம் பிழைதானே!

முடிவுரை

எடுத்தலளவையால் அறிய இயலாத ஒன்றை, நாள்களை எண்ணியும் அதன்வழித் தொலைவை நீட்டியும் அறிந்த வரலாறு இது. இதற்கு வேண்டிய கணக்கு, பள்ளியிறுதி வகுப்பு மாணவர் செய்யக்கூடிய பெருக்கலும் வகுத்தலுமே. அதனினும் மிகுதியாக வேண்டப்பட்டது பொறுமை. இரவுதோறும் ஒரே புள்ளியை நோக்கி, இன்று கூடிற்றா, குறைந்ததா என்று குறித்து வைக்கும் பொறுமை; விடையோடு தன் பிழையின் அளவையும் எழுதும் நேர்மை.

நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் இன்றும் விளக்கொளி குறைந்த இரவுகள் உண்டு. மாணவ மாணவியர் ஒரு கோடையிரவில் மொட்டைமாடியிலிருந்து தென்வானில் தேளின் வால் அருகே நோக்கினால், பால்வெளி மண்டலத்தின் மையத் திசை அங்கே இருக்கும். அங்கும் ஒரு கருந்துளை உறங்குகிறது. அதனை நிறுத்துவிட்டனர். இன்னும் நிறுக்கப்படாதவை எண்ணிறந்தன. அவற்றுள் ஒன்றை நிறுக்கும் கை, இக்கல்லூரி வகுப்பறையில் இன்று இக்கணக்கைச் செய்து பார்க்கும் கையாக ஏன் இருத்தல் கூடாது?